டெக்கை மூடி சன்ரூம் ஆக்கலாமா? (ஆஸ்டின், மேற்குப் பார்த்த பின்பக்கம்)

சரிவுவீடு

வணக்கம். வீடு ஆஸ்டினின் வடமேற்கில், சரிவான மனை. பின்பக்கம் 16க்கு 12 அடியில் ஒரு மர டெக், கூரையில்லாத மரத்தளம், இருக்கிறது. வீட்டை ஒட்டிய பக்கம் தரையிலிருந்து ஓரடி, கடைசியில் ஐந்தடி உயரம். நாங்கள் வாங்கும்போதே இருந்தது. வயது பத்துக்கு மேல் இருக்கும். நேர் மேற்கு. மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் முடியும் வரை மாலையில் வெறுங்காலோடு அங்கே நிற்க முடியாது. சூரியன் இறங்கினால் கொசு.

அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் இருப்பார்கள். ஹாலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து அலுத்துப் போகிறார்கள். அவர்கள் உட்கார ஒரு இடம், கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு ஒரு இடம், இதுதான் எண்ணம்.

ஒரு காண்டிராக்டர் வந்து பார்த்தார். இருக்கும் டெக்கின் மேலேயே அலுமினியச் சட்டமும் கண்ணாடிக் கூரையும் ஏற்றிவிடலாம், வீட்டு ஏசியிலிருந்து ஒரு டக்ட் (காற்றுக்குழாய்) இழுத்துவிடலாம், ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்கிறார். 41,000 டாலர். இன்னொருவர் கூரை போட்டு வலை மட்டும் அடிக்கலாம் என்கிறார், அது இதில் பாதிக்கும் கொஞ்சம் மேல்.

டெக் தாங்குமா? ஆகஸ்டில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்க முடியுமா? வீட்டில் இரண்டு கட்சி. நான் வலை, மனைவி கண்ணாடி.

மரவேலைமணி (டாலஸ்)

ஒரே வாரம் என்றவரிடம் பெர்மிட் (கட்டட அனுமதி) யார் எடுப்பது என்று கேட்டீர்களா? கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

அதோடு ஒரு நாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் டெக்குக்கு அடியில் போய்ப் படம் எடுத்துப் போடுங்கள். டெக்கை வீட்டோடு பிடித்திருக்கும் லெட்ஜர் பலகை, தூண்களின் அடி, மேல் பலகையைத் தாங்கும் ஜாயிஸ்ட் சட்டங்களின் இடைவெளி. வீட்டின் பின்சுவர் வெளியே என்ன, செங்கல்லா, கல்லா, பலகையா?

சரிவுவீடு

டெக் ஏற்கெனவே இருப்பதால் பெர்மிட் வேண்டாம் என்கிறார்.

படங்கள் போட்டிருக்கிறேன். சுவர் வெளியே சுண்ணாம்புக்கல். லெட்ஜரை அந்தக் கல்லின் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். கடைசியில் மூன்று தூண்கள், எல்லாம் 4க்கு 4 அங்குலம். ஜாயிஸ்ட் 2க்கு 10, இடைவெளி 16 அங்குலம்.

கட்டுமானக்கணக்கு (ஹூஸ்டன்)

நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். படத்தை வைத்து யாரும் முத்திரை குத்த முடியாது. ஆனால் இந்தப் படங்களில் பார்த்தவுடன் தெரிவது சில இருக்கிறது.

ஜாயிஸ்ட் பரவாயில்லை. சிக்கல் இரண்டு முனைகளில்.

முதலில் லெட்ஜர். டெக்சாஸ் வீடுகளில் வெளியே தெரியும் கல்லும் செங்கல்லும் வீட்டைத் தாங்குவதில்லை. உள்ளே மரச்சட்டம், நடுவில் ஒரு அங்குலம் அளவுக்குக் காற்றிடைவெளி, அதற்கு வெளியே சட்டை மாதிரி இந்தக் கல். அதன் மேல் லெட்ஜரைத் தொங்கவிடக் கூடாது என்று குடியிருப்புக் கட்டட விதி நேராகவே சொல்கிறது. போல்ட் உள்ளே மரம் வரை போயிருந்தாலும் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் போகிறது. பத்து வருடம் நின்றதே என்பீர்கள். நாலு நாற்காலியும் ஒரு பார்பிக்யூ அடுப்பும் வைத்த டெக்காக நின்றது. இனி அதன் தலையில் ஒரு அறையை வைக்கப் போகிறீர்கள்.

அடுத்தது கடைசி பீம். தோராயக் கணக்கு போடுகிறேன். டெக்குக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு ஆள் எடை, 10 பவுண்டு சொந்த எடை என்று பிடிப்போம். பரப்பு 192 சதுர அடி, அதில் பாதி அந்த பீமுக்கு வரும். ஆக 4,800 பவுண்டு. இப்போது கூரை வைத்தால் அதன் பாதி, ஓரத்தில் நீட்டியதையும் சேர்த்து, 3,300 பவுண்டு போல வரும். மேற்குக் கண்ணாடிச் சுவர் 1,900. பக்கச் சுவர்களில் பாதி 1,400. மொத்தம் 11,000 பவுண்டைத் தாண்டுகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். நடுத் தூண்தான் இதில் பெரும்பங்கைச் சுமக்கும். அது 4க்கு 4, ஐந்தடி உயரம். அதற்குக் கீழே மண்ணுக்குள் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பது டெக் கட்டியவருக்கு மட்டுமே தெரியும்.

கீழே அழுத்தும் எடையாவது எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மேலே இழுக்கும் காற்றை யாரும் பேசுவதில்லை. திறந்த டெக்கில் பலகைகளுக்கு நடுவே காற்று போய்விடும். கூரை போட்டால் அது இறக்கை. ஆஸ்டினில் மணிக்கு 115 மைல் காற்றுக்குக் கணக்கு போடச் சொல்கிறோம். கூரையிலிருந்து தூண் வழியாகக் கான்கிரீட் வரை இரும்புப் பட்டையால் தொடர்ச்சியாகப் பிடித்திருக்க வேண்டும். ஆணி போதாது.

ஒரே ஆறுதல், நீங்கள் மேற்கில் இருக்கிறீர்கள். ஐ-35 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே கரிசல் களிமண். மழைக்கு ஊதி, கோடையில் சுருங்கி, வீட்டையே தூக்கிப் போடும். உங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. தோண்டுகிறவர் திட்டுவார், ஆனால் அடித்தளம் அசையாது.

என் யோசனை: வீட்டைத் தொடாமல் தன் காலில் நிற்கும்படி வீட்டுப் பக்கமும் ஒரு பீம், புதிய தூண்கள், அவற்றுக்கு அடியில் புதிய ஃபுட்டிங் (கான்கிரீட் அடித்தளம்). மேல் பலகையும் ஜாயிஸ்டும் நல்ல நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

சரிவுவீடு

அப்படியானால் 41,000 என்பது கூரைக்கும் கண்ணாடிக்கும் மட்டும்தானா?

மரவேலைமணி

ஆமாம் சார். அடித்தளம் அந்த விலையில் இல்லவே இல்லை. அதனால்தான் ஒரு வாரம்.

இன்னொன்று. மூன்றாவது படத்தில் டெக் பக்கமாக ஒரு ஜன்னல் தெரிகிறதே, அது எந்த அறை?

சரிவுவீடு

கெஸ்ட் பெட்ரூம். அப்பா அம்மா தங்குவது.

மரவேலைமணி

அந்த அறைக்கு வேறு ஜன்னல் இருக்கிறதா? படுக்கையறையில் தீப்பிடித்தால் தப்பிக்க ஒரு ஜன்னலாவது நேராக வெளியே திறக்க வேண்டும். அதை ஒரு கண்ணாடி அறைக்குள் அடைத்துவிட்டால் அது வெளியே இல்லை. ஆய்வாளர் வந்தால் முதலில் இதில்தான் கை வைப்பார். பெர்மிட் வேண்டாம் என்று சொல்லும் ஆட்கள் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். வலை மட்டும் போட்டாலும் உங்கள் ஊர் ஆய்வாளரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

சரிவுவீடு

மூலை அறை. வடக்கே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. அகலம் மூன்றடி, உயரம் இரண்டடி.

மரவேலைமணி

தள்ளுகிற ஜன்னலில் பாதிதான் திறக்கும். அது கணக்கில் வராது. திறந்த இடைவெளி 5.7 சதுர அடி இருக்க வேண்டும், உயரம் குறைந்தது 24 அங்குலம், அகலம் 20 அங்குலம், ஜன்னலின் அடி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கல்லைக் கீழே வெட்டி, கதவு மாதிரி முழுவதும் திறக்கும் ஜன்னல் போட்டால் தீர்ந்தது. அறையே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் வயதானவர்கள் படுக்கும் அறைக்கு அதைச் செய்துவிடுங்கள்.

பாலைவாசி (ஃபீனிக்ஸ்)

சூட்டைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 2023இல் இங்கே 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்தது.

எங்கள் ஊரில் இதற்கு அரிசோனா ரூம் என்றே பெயர். பழைய வீடுகளில் பின்பக்கத் தாழ்வாரத்தை வலை போட்டு மூடி, கோடை இரவில் அங்கேதான் படுப்பார்களாம். பிறகு வந்தவர்கள் வலையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டார்கள். அதோடு அந்த அறை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாமான் போடும் அறையாகிவிட்டது. நான் பார்த்த கண்ணாடி அறைகளில் பாதியில் கிறிஸ்துமஸ் மரப் பெட்டியும் டிரெட்மில்லும்தான் குடியிருக்கின்றன.

கண்ணாடிக் கூரையை மட்டும் மறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் பேசலாம்.

குளிர்காற்று (கேட்டி)

மேலே சொன்னவர் சொன்னதற்கு எண் கொடுக்கிறேன். ஏசி வடிவமைப்பு என் தொழில்.

உங்கள் மேற்குச் சுவரில் 16 அடி நீளம், 7 அடி உயரம் கண்ணாடி என்றால் சுமார் 10 சதுர மீட்டர். ஜூலையில் மாலை ஐந்து மணிக்கு, மேகமில்லாத நாளில், மேற்குப் பார்த்த சுவரில் சதுர மீட்டருக்கு 650 வாட் வெயில் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6,500 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை உள்ளே விடும். அந்த விகிதத்தைத்தான் ஜன்னல் லேபிளில் எஸ்.எச்.ஜி.சி. என்று போட்டிருப்பார்கள். ஏசி கணக்கில் சொன்னால் மணிக்கு 15,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு), ஒன்றே கால் டன்னுக்கு மேல், அந்த ஒரு சுவருக்கு மட்டும். சூட்டைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ பூச்சுப் போட்டு எஸ்.எச்.ஜி.சி. 0.25 உள்ள கண்ணாடி என்றால் 5,500 பி.டி.யு. அரை டன்னுக்கும் கீழே.

இப்போது கூரை. 192 சதுர அடி என்பது 18 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மதியம் ஒரு மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. ஆஸ்டினில் ஜூன் 21 அன்று நண்பகலில் அது 83 டிகிரி உயரத்தில் நிற்கும். சதுர மீட்டருக்கு 950 வாட் என்றால், அதே 0.25 கண்ணாடி போட்டாலும் கூரை வழியாக மட்டும் 14,000 பி.டி.யு.வுக்கு மேல் இறங்கும். அதற்குப் பதில் நடுவில் ஃபோம் வைத்த அலுமினியப் பேனல், ஆர்-19 அளவுக்கு இன்சுலேஷன் உள்ளது (ஆர் எண் கூடக் கூடச் சூடு நுழைவது குறையும்), போட்டால்? மேல் தகடு 158 டிகிரிக்குக் காய்ந்தாலும் உள்ளே 78 டிகிரி வைத்துக்கொள்ள 800 பி.டி.யு. போதும்.

14,000 ஒரு பக்கம், 800 ஒரு பக்கம். எந்தக் கம்பெனியின் எந்தக் கண்ணாடியும் இந்த வித்தியாசத்தைக் கடக்காது.

வீட்டு ஏசியிலிருந்து டக்ட் இழுப்பதை அடியோடு விடுங்கள். தெர்மோஸ்டாட் ஹாலில் இருக்கும். ஹால் குளிர்ந்ததும் அது மிஷினை நிறுத்திவிடும், சன்ரூம் வெந்துகொண்டிருக்கும். அதைக் குளிர வைக்க நீங்கள் ஹாலில் எண்ணைக் குறைத்தால் படுக்கையறையில் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். தனியாக ஒரு மினி ஸ்ப்ளிட் (டக்ட் இல்லாத சின்ன ஏசி) வைத்து, வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே இப்போது இருக்கும் கதவையும் சுவரையும் அப்படியே விட்டுவிடுங்கள். எரிசக்தி விதியிலும் அப்படித் தனியே பிரித்து வைத்த சன்ரூமுக்குத்தான் சலுகை: கூரைக்கு ஆர்-19, சுவருக்கு ஆர்-13 இருந்தால் உங்கள் பகுதியில் போதும். கதவைக் கழற்றி ஹாலோடு சேர்த்தால் வீட்டுக்கான முழு விதியும் பொருந்தும்.

தோட்டக்காரி (ரவுண்ட் ராக்)

கண்ணாடிக் கூரைக்கு எதிராக நானும் ஒரு ஓட்டு. காரணம் வேறு. ஆலங்கட்டி. 2023 செப்டம்பரில் எங்கள் பக்கம் விழுந்தது நினைவிருக்கும். கார்களையும் கூரைகளையும் பதம் பார்த்தது. அந்த அளவு கட்டி கண்ணாடிக் கூரையில் விழுந்தால் இன்ஷூரன்ஸ்காரரோடு எத்தனை மாதம் போனில் பேச வேண்டும் என்று யோசியுங்கள்.

கறிவேப்பிலைக்குச் சன்ரூம் தேவையே இல்லை. அது வெயிலுக்குப் பிறந்த செடி. ஆஸ்டின் கோடையில் வெளியே செழித்து நிற்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி விழும் இரவுகளில் மட்டும் மூடிய இடம் வேண்டும். 2021 பிப்ரவரி மாதிரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் ஹீட்டர் இல்லாத சன்ரூமும் காப்பாற்றாது. வீட்டுக்குள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

செடி வாங்குவதென்றால் உள்ளூர் நர்சரியிலேயே வாங்குங்கள். வேறு மாநிலத்திலிருந்து நண்பர்கள் காரில் கொண்டுவருவதெல்லாம் வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். அதனால் கட்டுப்பாடு இருக்கிறது.

அடுப்படி

சன்ரூமில் வடகம் காயுமா?

தோட்டக்காரி

லோ-ஈ கண்ணாடிக்குப் பின்னால் ஏசி போட்டுக் காய வைத்தால் புளித்துப் போகும் அக்கா. வெயிலும் காற்றும் இரண்டும் வேண்டும். வலைக்குள் காயும், கிராக்கிள் பறவைகளும் கொத்தாது. ஆனால் இவர்கள் டெக்கில் வெயில் மதியத்துக்கு மேல்தான் வருகிறது.

பாலைவாசி

மேற்கு வெயிலுக்கு ஒரு வார்த்தை. தெற்குப் பக்கமாக இருந்தால் கூரையை இரண்டடி நீட்டினாலே கோடை வெயில் உள்ளே வராது, குளிர்கால வெயில் சாய்வாக உள்ளே வந்துவிடும். மேற்கில் அந்த வித்தை செல்லாது. மாலைச் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கிறது. அதைத் தடுக்க எதிரே ஒன்றை நிறுத்த வேண்டும். அதுவும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, திரையே சூடாகி ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். வெளியே சுருட்டி இறக்கும் சோலார் ஸ்கிரீன், வெயிலில் 80, 90 சதவீதத்தை வெட்டும் துணி, அது போடுங்கள். கீழே மனையில் இடம் இருந்தால் இலையுதிர்க்கும் மரம் ஒன்று. பலன் தெரிய வருடங்கள் ஆகும், ஆனாலும் வையுங்கள்.

ஈரக்காற்றுக் கூலர் வாங்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இங்கே ஜூனில் அருமையாக வேலை செய்யும். உங்கள் டெக்சாஸ் ஈரத்தில் அது வெறும் விசிறி.

சரிவுவீட்டம்மா

இந்த இழையைத் தொடங்கியவரின் மனைவி. நான்தான் கண்ணாடிக் கட்சி. எல்லாரும் சேர்ந்து வலைக்கு ஓட்டுப் போடுவதற்குள் என் வாதத்தையும் கேட்டுவிடுங்கள்.

எனக்கு சிடார் ஃபீவர், மகரந்த அலர்ஜி. ஆஸ்டினில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். டிசம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரி வரை, மேற்கே மலை முழுவதும் நிற்கும் அந்த ஜூனிபர் மரங்கள் புகை மாதிரி மகரந்தத்தை விடும். வலை கொசுவை நிறுத்தும், மகரந்தத்தை நிறுத்தாது. மாமனார் மாமியார் வருவதே டிசம்பரில். வெளியே இதமாக இருக்கும் அந்த மூன்று மாதமும் நான் உள்ளே, அவர்கள் வலைக்குள் என்றால் இவ்வளவு பணம் எதற்கு? மார்ச் முடிந்தால் ஓக் மரத்தின் மஞ்சள் பொடி வேறு, மேசை நாற்காலி எல்லாவற்றிலும் படிந்து கிடக்கும்.

கூரை கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அது காண்டிராக்டர் சொன்னது.

கட்டுமானக்கணக்கு

நியாயமான வாதம் அம்மா. வலையா கண்ணாடியா என்று நாங்களே இரண்டாகப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

சன்ரூம்களை ஐந்து வகையாகப் பிரிக்கும் ஒரு தொழில் தரம் இருக்கிறது. முதல் வகை வலை அல்லது மெல்லிய பிளாஸ்டிக் போட்டது. இரண்டும் மூன்றும் கண்ணாடி, ஆனால் ஏசி ஹீட்டர் கிடையாது. நான்காவது ஏசி உண்டு, வீட்டிலிருந்து கதவால் பிரிந்தது. ஐந்தாவது வீட்டோடு சேர்ந்துவிட்ட அறை. உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அடித்தளத்தையும் தூண்களையும் நான்காம் வகைக்குத் தாங்கும்படி இப்போதே போட்டுவிடுங்கள். மேலே என்ன வருகிறது என்பதைக் கட்டம் கட்டமாகச் செய்யலாம். தூணையும் பீமையும் பிறகு மாற்றுவது முடியாத காரியம், ஜன்னலை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம்.

மரவேலைமணி

வலைச் சட்டத்துக்குப் பதில் நான்கு அடுக்கு வினைல் பேனல் என்று ஒன்று கிடைக்கிறது. மேலும் கீழும் தள்ளலாம், முக்கால் பங்கு திறந்துவிடும், பின்னால் வலை உண்டு. சிடார் காலத்தில் மூடிக்கொள்ளுங்கள், அக்டோபரில் திறந்துவிடுங்கள். வெயிலை அது தடுக்காது, ஏசி வைக்கும் அளவுக்கு இறுக்கமும் இல்லை. மகரந்தம் பெருமளவு நிற்கும், மழைச்சாரலும் நிற்கும்.

நிஜக் கண்ணாடி வைத்தால், தரையிலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே இறங்கும் பெரிய கண்ணாடிகளும் கதவுகளும் டெம்பர்டு (உடைந்தால் கூரில்லாத சிறு துண்டுகளாகச் சிதறும் கண்ணாடி) ஆக இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கில் மூன்றடிக்குச் சுவர் எழுப்பி அதன் மேல் ஜன்னல் வைத்தால் கண்ணாடியும் குறையும், வெயிலும் குறையும். உட்கார்ந்தால் மலை தெரிய அது போதும்.

தரையை மறக்காதீர்கள். டெக் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. சுவரை எவ்வளவு அடைத்தாலும் கொசுவும் பொடியும் சூடும் கீழிருந்து வரும். வலை மட்டும் என்றால் பலகைக்கு அடியில் வலை. மூடிய அறை என்றால் பலகையைக் கழற்றி, ஜாயிஸ்டின் மேல் முக்கால் அங்குலப் பிளைவுட், ஜாயிஸ்ட்களுக்கு நடுவே அடியிலிருந்து ஸ்ப்ரே ஃபோம். வீட்டுப் பக்கம் உயரம் ஓரடிதான் என்கிறீர்கள், அடியில் ஆள் நுழைய முடியாது. அங்கே ஃபோமை மேலிருந்துதான் அடிக்க வேண்டும், பிளைவுட் போடுவதற்கு முன்.

கணக்குப்பிள்ளை (ஆஸ்டின்)

கட்டடம் எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும்.

ஆஸ்டின் நகர எல்லைக்குள் என்றால், மழைநீர் இறங்காத பரப்புக்கு உச்சவரம்பு உண்டு. சாதாரண ஒற்றை வீட்டு மனைக்கு 45 சதவீதம். பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் இன்னும் இறுக்கம்; 1992இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதி அது. இடைவெளி விட்டுப் பலகை அடித்த, கூரையில்லாத, மண்ணுக்கு மேல் நிற்கும் மர டெக்கில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் 192 சதுர அடி இப்போது 96 ஆகத்தான் நிற்கிறது. கூரை போட்டால் முழுதும் ஏறும், வலையோ கண்ணாடியோ. வாங்கும்போது கொடுத்த சர்வே வரைபடத்தை எடுத்து டிரைவ்வே, நடைபாதை எல்லாம் கூட்டிப் பாருங்கள். விளிம்பில் இருந்தால் பெர்மிட் ஆபீசில்தான் தெரியவரும், அதற்குள் வரைபடக் கட்டணம் போயிருக்கும்.

அடுத்து வரி. ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) இருந்தால் வரி மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று நம்பியிருப்பீர்கள். புதிதாகக் கட்டியதற்கு அந்த வரம்பு பொருந்தாது, அந்த மதிப்பு தனியாகச் சேரும். ஏசி உள்ள அறைக்கும் வலை போட்ட போர்ச்சுக்கும் மதிப்பீட்டில் நல்ல வித்தியாசம் வரும்.

எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அவர்களுடைய ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பெர்மிட் இல்லாமல் கட்டினால் விற்கும்போது வாங்குகிறவரின் ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

சரிவுவீடு

சர்வேயை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 41 சதவீதம் வருகிறது, இடம் இருக்கிறது. பார்ட்டன் பகுதியில் இல்லை.

வீட்டில் இரண்டு கட்சியும் உட்கார்ந்து பேசியாயிற்று. 41,000 காரரை விட்டுவிட்டோம். பெர்மிட் எண் கேட்டதிலிருந்து அவரும் போன் எடுப்பதில்லை. உள்ளூர் எஞ்சினியர் ஒருவர் வரைபடம் போட்டுத் தருகிறார். வீட்டைத் தொடாமல் ஆறு புதிய ஃபுட்டிங், 6க்கு 6 தூண்கள், பழைய ஜாயிஸ்ட் அப்படியே. கல்லில் பழைய போல்ட் ஓட்டைகளை அடைத்துவிடச் சொல்லியிருக்கிறார். கூரை ஆறு அங்குல ஃபோம் பேனல். மேற்கில் மூன்றடிச் சுவர், அதன் மேல் லோ-ஈ ஜன்னல், வெளியே சோலார் ஸ்கிரீன். வடக்கிலும் தெற்கிலும் இப்போதைக்கு வினைல் பேனல். பின்னால் கண்ணாடி வைக்கச் சட்டம் தயாராக இருக்கும். ஏசி இந்த வருடம் இல்லை, அதற்கான வயரை மட்டும் இழுத்து வைக்கிறோம். கெஸ்ட் பெட்ரூம் வடக்கு ஜன்னல் முதல் வேலை, அடுத்த மாதமே.

ஒரு சந்தேகம் பாக்கி. ஏசி இல்லாத ஜூலை, ஆகஸ்டில் அந்த அறையில் என்னதான் எதிர்பார்க்கலாம்?

குளிர்காற்று

வடக்கு, தெற்குப் பேனல்களைத் திறந்து, ஸ்கிரீனை இறக்கி, விசிறி போட்டால் வெளியே நிழலில் என்ன சூடோ அதுதான் உள்ளேயும். காலை பத்து மணி வரை நன்றாக இருக்கும், இரவு ஒன்பதுக்கு மேல் நன்றாக இருக்கும். நடுவில் வெளியே 102 என்றால் உள்ளேயும் 102. 2023இல் ஆஸ்டின் 45 நாள் தொடர்ந்து 100க்குக் குறையாமல் அடித்ததே, அந்த மாதிரி கோடையில் மாலையில் யாரும் உட்கார முடியாது. பேனல்களை மூடி வைத்துவிட்டு வெளியூர் போய்விடாதீர்கள், திரும்பி வரும்போது அடுப்பாக இருக்கும். பிற்பாடு மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த பிறகு, இந்தக் கூரையோடு, முக்கால் டன் அல்லது ஒரு டன் மினி ஸ்ப்ளிட் தாராளம். அப்போது யாரையாவது வைத்து முறையாகக் கணக்கு போடுங்கள். என் கணக்கு இழைக்கு மட்டும்.

சரிவுவீட்டம்மா

பத்து மணி வரை போதும். மாமனார் ஐந்தரைக்கே எழுந்துவிடுவார்.

மரவேலைமணி

விசிறி என்றதும் நினைவுக்கு வந்தது. கூரைப் பேனல் ஆர்டர் கொடுக்கும்போதே விசிறி எங்கே வரும் என்று சொல்லி, நடுவில் அலுமினிய பீமும் வயர் போக வழியும் உள்ள பேனலாக இரண்டு கேளுங்கள். மாட்டிய பிறகு ஃபோமைக் குடைந்து விசிறியைத் தொங்கவிட முடியாது. 16 அடிக்கு ஒரு விசிறி போதாது. ஈரம் படும் இடத்துக்கு என்று சான்று பெற்ற விசிறியாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் மாட்டுவதை அங்கே மாட்டினால் இரண்டாவது கோடையில் இறக்கை தொங்கிப்போகும்.